நாடு மாறினால் நீதிமன்ற வழக்கமும் மாறும்

ஒப்பந்த மீறல், சரக்குச் சேதம், பங்குத் தகராறு என நிறுவனங்களுக்கிடையே எழும் வழக்குகளை நடத்துபவர் வணிக வழக்கறிஞர். லண்டனில் இத்தகைய வழக்குகளுக்கென்றே 1895 முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது. அங்கே வரும் வழக்குகள் பலவற்றில் இரு தரப்புமே வெளிநாட்டவர். இப்படி நாடு விட்டு நாடு போய் வழக்காடுபவர் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொள்ளலாம்; நீதிமன்ற வழக்கங்களைப் பழகிக்கொள்வதுதான் கடினம்.

சாட்சி விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய கேள்விகளைத் தாமே கேட்டு, சாட்சியை ஒத்திகை பார்க்க வைப்பது அமெரிக்க வழக்கறிஞருக்கு அன்றாட வேலை. அதைச் செய்யாதவரைக் கடமை தவறியவர் என்பார்கள். இங்கிலாந்தில் அதே ஒத்திகை தொழில் ஒழுக்க மீறல். நீதிமன்றம் எப்படி இருக்கும், யார் எங்கே அமர்வார் என்று சொல்லிக் கொடுக்கலாம். வழக்கின் விவரங்களை வைத்துப் பயிற்சி தரக் கூடாது. ஜெர்மனியிலோ கேள்விகளை முதலில் நீதிபதியே கேட்கிறார். குறுக்கு விசாரணையில் பேரெடுத்தவருக்கு அங்கே அந்தத் திறமையால் பெரிய பயனில்லை. எழுதித் தாக்கல் செய்யும் மனுவில்தான் அவருடைய பலம் தெரிய வேண்டும்.

ஆவண விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். அமெரிக்க வழக்கில் தமக்குப் பாதகமான மின்னஞ்சலைக்கூட எதிர்த்தரப்பு கேட்டால் கொடுத்தாக வேண்டும். பிரான்சிலோ, வெளிநாட்டு வழக்குக்கான வணிக ஆவணங்களை பன்னாட்டு உடன்படிக்கை வழிகளுக்கு வெளியே அனுப்புவதை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அந்தத் தடை அமெரிக்க நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தால் இன்னொரு நாட்டில் தண்டனை என்ற இந்த இக்கட்டிலிருந்து கட்சிக்காரரைக் காப்பதுதான் இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி.

வெளிநாட்டில் வாதாட அனுமதி கிடைப்பதும் எளிதல்ல. சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய பன்னாட்டு வணிக நீதிமன்றம், சிங்கப்பூரோடு பெரிய தொடர்பில்லாத வழக்குகளில், பதிவு செய்த வெளிநாட்டு வழக்கறிஞர்களை வாதாட விடுகிறது. இந்தியாவில் இந்தப் பிரச்சினையை ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்று 2018-இல் முடிந்தது. வெளிநாட்டு வழக்கறிஞர் இங்கே தொழில் நடத்த முடியாது என்று அப்போது தீர்ப்பானது. எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்றது நீதிமன்றம். பன்னாட்டு ஆர்பிட்ரேஷனில், அதாவது நடுவர்கள் முன் நடக்கும் விசாரணையில், பங்கேற்க அவருக்கு முற்றான தடை இல்லை என்றும் சொன்னது.

எல்லை தாண்டி வழக்காடுவோர் பலர் ஆர்பிட்ரேஷனை நாடுவதற்கு 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை ஒரு முக்கியக் காரணம். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ள அந்த உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டில் நடுவர்கள் அளித்த தீர்ப்பை மற்ற நாடுகளில் நிறைவேற்றலாம். ஆனால் தோற்றவர் பணம் தர மறுத்தால், அவருடைய சொத்து இருக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும். அங்கே பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞரே எழுந்து நின்று வாதாடுவார்.