கடுகுக்குள் ஒரு பாகப்பிரிவினை

"ரசத்தில் தாளித்த கடுகு உறைப்பதே இல்லை. அதையே பச்சையாக அரைத்துத் தயிர்ப் பச்சடியில் விட்டால் மூக்கில் ஏறுகிறதே, ஏன்?" என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் கடுகு தின்றால் புற்றுநோய் அண்டாது என்ற வாட்ஸ்அப் செய்தியையும் கூடவே அனுப்பியிருக்கிறார். முதல் கேள்வி அருமையானது. செய்தியைக் கடைசியில் கவனிப்போம்.

கீழமாசி வீதியில் வாங்கிவந்த கடுகை அப்படியே முகர்ந்து பாருங்கள். நெடியே இருக்காது. முழு விதையில் காரம் இன்னும் பிறக்கவில்லை. சினிகிரின் என்ற பொருளும், அதை வெட்டும் மைரோசினேஸ் என்ற நொதியும் உள்ளே தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒரே வீட்டில் நடுச்சுவர் எழுப்பி வாழும் பங்காளிகள் மாதிரி. அம்மி சுவரை இடிக்கிறது. தண்ணீர் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. மைரோசினேஸ் உடனே பாகம் பிரிக்க இறங்கி, சினிகிரினோடு ஒட்டியிருந்த குளுக்கோஸை வெட்டித் தள்ளுகிறது. மிச்சப் பங்கு தானே உருமாறி அல்லைல் ஐசோதயோசயனேட் ஆகிறது. தெருவே கூடும் ரகளை அதுதான். மிளகாயின் கேப்சைசின் ஆவியாகாது, வாயோடு நிற்கும். கடுகின் காரமோ ஆவியாகி மூக்குக்குப் போய், நரம்பிலுள்ள ட்ரிப்-ஏ1 என்ற ஏற்பியைச் சீண்டுகிறது. இந்தத் தொடர்பு 2004இல்தான் தெளிவானது.

கொதிநீரில் கரைத்தால் நொதி செயலிழந்துவிடும். பாகம் பிரிக்க ஆளில்லை. தாளிப்பிலும் அதே கதை. விதைக்குள்ளிருக்கும் ஈரம் நீராவியாகித் தோலைப் பிளப்பதற்குள் நொதி ஒழிந்திருக்கும். வறுத்த மணம்தான் மிஞ்சும். எலுமிச்சைச் சாறு ஊர்ப் பெரியவர் மாதிரி: ரகளையை மட்டுப்படுத்துவார், அதுவரை வந்த காரம் சீக்கிரம் சிதையாமலும் பார்த்துக்கொள்வார்.

ஆகவே வீட்டில் கடுகு விழுது செய்ய நினைத்தால், பொடித்த கடுகைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். முதலிலேயே எலுமிச்சை பிழிந்தால் காரம் குறையும். கடைசிவரை பிழியாவிட்டால் சீக்கிரம் பறந்துவிடும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரி: பிரான்சின் தீஜோன் நகரில் 1856இல் ழான் நேஜோன் என்பவர் கடுகு விழுதில் வினிகருக்குப் பதில் பழுக்காத திராட்சைச் சாற்றை ஊற்றிப் பெயர் வாங்கினார். அங்கும் வேலை செய்தது புளிப்புதான்.

இனி வாட்ஸ்அப். ஐசோதயோசயனேட்டுகளைப் பற்றி ஆய்வகத்தில் புற்றுச் செல்களின்மேல் நடந்த சோதனைகள் உண்டு. அதிலிருந்து ஒரு ஸ்பூன் கடுகு புற்றுநோயைத் தடுக்கும் என்ற முடிவுக்குத் தாவ வழியில்லை. மூட்டு வலிக்குக் கடுகுப் பற்று போடுகிறவர்களும் கவனம்: அதே காரம் தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

மணம் வேண்டுமானால் பொரியவிடுங்கள், காரம் வேண்டுமானால் பச்சையாக அரையுங்கள். மருந்து வேண்டுமானால் மருத்துவரைப் பாருங்கள்.