வெள்ளியின் துணைகொண்டு கிளைகால் ஆக்கும் முறை

எதிலீன் வாயு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே எஞ்சும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அந்த எரிதலை முதற்படியிலேயே நிறுத்திவிட முடியுமாயின் எதிலீன் ஆக்ஸைடு கிடைக்கும். அதனுடன் நீர் சேர்ந்தால் எதிலீன் கிளைகால் உண்டாகும். பாலியெஸ்டர் இழைக்கும், குளிர்ப் பிரதேசங்களில் மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் நீர் உறையாமற் காப்பதற்கும் வேண்டப்படுவது இத்திரவமே.

பிரெஞ்சு இரசாயனியான வூர்ட்ஸ் 1859-ல் காட்டிய வழியையொட்டி, நெடுங்காலம் குளோரினைக் கொண்டே இவ்வாக்ஸைடு தயாரிக்கப்பட்டது. எதிலீனைக் குளோரோஹைட்ரினாக மாற்றிப் பின்னர்ச் சுண்ணாம்பு சேர்ப்பர். செலவான குளோரினில் ஒரு சிறிதும் விளைபொருளில் தங்குவதில்லை. அனைத்தும் கழிவாகவே வெளியேறும்.

1931-ல் பிரான்சில் லெஃபோர் என்பார், எதிலீனையும் காற்றையும் சூடான வெள்ளியின்மீது செலுத்தி ஆக்ஸைடை நேராகவே பெறலாமெனக் கண்டார். 1937-ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியார் இதனைப் பெருந்தொழிலாக்கினர். 1958-ல் ஷெல் கம்பெனியார் காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவையே பயன்படுத்தலாயினர்.

கிரியா ஊக்கி என்னும் நம் கலைச்சொல் இங்குச் சற்றே குறைபடுகிறது. வெள்ளி ஊக்குவதோடு நில்லாமல், வினை செல்ல வேண்டிய வழியையும் தெரிந்தெடுக்கிறது. பிளாட்டினத்தை வைத்தால் எதிலீன் முற்றும் எரிந்தொழியும்.

ஆயினும் வெள்ளியின்மீதும் ஒரு பகுதி எரியத்தான் செய்கிறது. அவ்வாறு எரியும் எதிலீன், ஆக்ஸைடாக மாறும் அதே அளவு எதிலீனைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் ஏற ஏற எரிதலும் மிகும்; கவனியாது விட்டால் கட்டுக்கடங்காது. ஆகவே வெள்ளி படிந்த அலுமினாத் துண்டுகளை ஆயிரக்கணக்கான ஒடுங்கிய குழாய்களில் நிரப்பி, வெளிப்புறத்தில் கொதிக்கும் நீர் வெப்பத்தை வாங்கிச் செல்லுமாறு அமைக்கின்றனர். உஷ்ணநிலை 220 முதல் 280 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும். மற்றோர் உபாயம் வியப்புக்குரியது. குளோரின் அடங்கிய சேர்மமொன்றைப் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் வாயுவிற் கலந்தால் முழு எரிதல் தணிகிறது. பழைய முறையில் டன் கணக்கில் வீணான குளோரினுக்கு இங்கே இவ்வளவே வேலை! சீசியம் உப்பும் சேர்த்த வெள்ளியில், வினைப்படும் எதிலீனில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஆக்ஸைடாகிறது.

எதிலீன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் கிடைப்பது. நம் நாட்டில் உத்தராகண்டத்துக் காசிப்பூர் ஆலையிலோ, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தின் நீரை நீக்கி எதிலீன் பெறும் முறை கையாளப்பட்டது.

ஆக்ஸைடுடன் நீரை மிகுதியாகச் சேர்த்தாலும், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு டைஎதிலீன் கிளைகாலாகிவிடும். வாலைவடித்து இதனைப் பிரிக்கின்றனர். நிறமற்று இனிக்கும் இத்திரவம் கொடிய நஞ்சு. 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்து இதிற் கரைத்து விற்கப்பட்டமையால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1986-ல் பம்பாயில் இது கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். எதிலீன் கிளைகாலும் நஞ்சே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இவ்விரண்டையும் கிளிசரின் புட்டியருகே வைத்தலாகாது. பெயர்ச்சீட்டு உரிந்த புட்டியை உடனே அப்புறப்படுத்துக.