பெட்ரோலா, டீசலா? பழைய காரை மாற்றுமுன் ஒரு கணக்கு



ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் வாப்பா ஆசையாக வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று, பதினைந்து ஆண்டுகள் குடும்பத்துக்கு உழைத்துவிட்டது. அதன் பதிவுக் காலமும் முடியப்போகிறது. மூத்த மகன் ஊரிலிருந்தே வணிகம் செய்கிறார். வாரம் இருமுறை மதுரைக்குச் சென்று திரும்புகிறார். இளையவருக்குச் சென்னை மண்ணடியில் கடை. வீட்டிலிருந்து கடைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், ஜும்ஆவுக்கும் போய் வருவதே அவருடைய பயணம். பெருநாளுக்கு ஒன்றுகூடிய இருவரும், பழையதைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு நல்ல செடான் காரை, கைமாறிய விலையில் வாங்குவதென்று முடிவு செய்கின்றனர்.

"காக்கா, டீசல் லிட்டருக்கு எட்டு ரூபாய் குறைவு. மைலேஜும் அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் தம்பி. "ஆமாம் தம்பி, இரண்டு பேருமே டீசலாக வாங்கிவிடலாம்" என்கிறார் அண்ணன்.

இவ்விருவரில் ஒருவரது முடிவு சரி. மற்றவரது முடிவு தவறு. வண்டி ஒன்றே, விலை ஒன்றே. எனினும் ஒருவருக்கு இலாபமானது மற்றவருக்கு நட்டமாகிறது. காரணம், அவர்கள் ஓடும் சாலை வேறு. நம்மில் பலர் காரைப் பார்த்துக் கார் வாங்குகிறோம். நம்முடைய பயணத்தைப் பார்த்து வாங்குவதில்லை. பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த ஹலாலான பொருளை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்குமுன், சற்று அமர்ந்து கணக்குப் பார்ப்பது நம் கடமையன்றோ?

பழைய எண்ணம், புதிய நிலைமை

டீசல் என்றால் மலிவு என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. பேருந்துக்கும், லாரிக்கும், உழவரின் பம்புசெட்டுக்கும் பயன்படும் எரிபொருள் என்பதால் அரசு நீண்ட காலம் டீசல் விலையைத் தாங்கிப் பிடித்தது. 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கோ அது தொடர்ந்தது. 2012-ஆம் ஆண்டில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருந்தது. ஏழை உழவருக்காக அளிக்கப்பட்ட சலுகையைச் சொகுசுக் கார்களும் அனுபவித்தன. 2013 ஜனவரி முதல் டீசல் விலை சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாடும் நீங்கியது. அந்த முப்பது ரூபாய் இன்று எட்டு ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் நம் எண்ணம் மட்டும் 2012-லேயே நிற்கிறது.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்னும் கடுமையான புகை விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப டீசல் எஞ்சினை மாற்றியமைப்பது பெருஞ்செலவு என்பதால், மாருதி நிறுவனம் டீசல் கார்களையே விட்டுவிட்டது. டொயோட்டா கரோலா ஆல்டிஸ் விற்பனையிலிருந்து விலகியது. ஸ்கோடா ஆக்டேவியா பின்னர் பெட்ரோலில் மட்டுமே வந்தது. எனவே இன்று கைமாறிய சந்தையில் கிடைக்கும் உயர்தர டீசல் செடான்களில் பெரும்பாலானவை 2020-க்கு முந்தியவை. அவற்றின் வயதையும் நீங்கள் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்பதை மறவாதீர்கள்.

இரு சகோதரர்களின் கணக்கு

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டுப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் எனக் கொள்வோம். ஒரே தரமுள்ள இரு செடான்களில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ., டீசல் வண்டி 17 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் ஒரு கி.மீ. ஓட 8 ரூபாய் 33 காசு. டீசலில் 5 ரூபாய் 41 காசு. ஆக, டீசலில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாய் 92 காசு மிச்சம்.

இனி மறுபக்கம். ஒத்த வயதுடைய டீசல் வண்டிக்கு விற்பவர் ஒன்றரை இலட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் என்று கொள்வோம். பராமரிப்பும் டீசலில் கூடுதல்.

மூத்தவர் மதுரைக்குப் போய் வர ஏறத்தாழ 350 கி.மீ.; வாரம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 35,000 கி.மீ. அவருக்கு எரிபொருளில் ஆண்டுக்கு 1,02,200 ரூபாய் மிச்சமாகிறது. நீண்ட ஓட்டத்துக்கான கூடுதல் பராமரிப்பு என்று 20,000 ரூபாயைக் கழித்தாலும் 82,200 ரூபாய் கையில் நிற்கும். இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்பே அந்த ஒன்றரை இலட்சம் திரும்பிவிடுகிறது.

இளையவர் ஆண்டு முழுதும் ஓட்டுவது 6,000 கி.மீ. அவருக்கு மிச்சம் 17,520 ரூபாய். கூடுதல் பராமரிப்புக்கு 10,000 ரூபாய் கழித்தால் எஞ்சுவது 7,520 ரூபாய். ஒன்றரை இலட்சத்தை மீட்க அவருக்கு இருபது ஆண்டுகள் வேண்டும்! வண்டியின் ஆயுளே அதற்குமுன் முடிந்துவிடும்.

ஐந்து ஆண்டுகள் வண்டியை வைத்திருப்பதாகக் கொண்டால், இதே கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 கி.மீ. ஓடினால்தான் டீசல் ஈடுகட்டும். அதாவது நாளொன்றுக்குச் சராசரி 40 கி.மீ. இதற்குக் கீழே ஓடுவோர்க்குப் பெட்ரோலே ஏற்றது. உங்கள் ஊர் விலையையும், நீங்கள் பார்த்த வண்டியின் விலையையும் இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பணத்துக்கு அப்பாலும் ஒரு காரணம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால் ஏற்படும் கடுஞ்சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இம்முறை எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக அமைய வேண்டும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும், டர்போவும் நுட்பமானவை. அவை பழுதானால் ஓராண்டு மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

அத்துடன், டீசல் எஞ்சினுக்கு நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் ஓடுவதே உகந்தது. பி.எஸ்.6 டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேரும் கரி, வண்டி தொடர்ந்து வேகமாக ஓடும்போது எரிந்து சாம்பலாகும். கடைக்கும் பள்ளிக்குமாக இரண்டு மூன்று கி.மீ. மட்டுமே ஓடும் வண்டியில் அது எரிய வாய்ப்பின்றி அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்திய டீசல் வண்டிகளிலும், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு கரியேறி அடைபடுவது வழக்கம். மண்ணடியின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் இளையவருக்கு டீசல் ஏன் பொருந்தாது என்பது இப்போது விளங்கும்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது. குறுகிய தெருவில், அண்டை வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடும் வேளையில், பழைய டீசல் வண்டியைப் பத்து நிமிடம் உறும விடுவது தகுமா? அண்டை வீட்டாரின் உரிமையை இஸ்லாம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோலிலும் கவனம் தேவை

பெட்ரோல் வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இப்போது நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகளில் பெரும்பாலானவை இதற்கென உருவாக்கப்பட்டவையல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். பழைய இரப்பர் குழாய்களும் அடைப்பு வளையங்களும் விரைவில் தேயக்கூடும். ஆதலால் கைமாறிய பெட்ரோல் கார் வாங்கியதும் இவற்றை மெக்கானிக்கிடம் காட்டி, தேவையானவற்றை மாற்றிவிடுங்கள். கணக்குப் போடும்போதும் விளம்பரத்தில் உள்ள மைலேஜை எழுதாமல், உண்மையில் கிடைப்பதை எழுதுங்கள்.

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்களின் வீடுகளில் கார் பல மாதங்கள் கொட்டகையில் நிற்பதுண்டு. ஆண்டில் ஒரு மாதமே ஓடும் வண்டிக்கு டீசலின் கூடுதல் விலை வீண்விரையமே. பெட்ரோலாயினும், எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், வாரம் ஒருமுறை வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவரச் சொல்லிச் செல்லுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று வினவுங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்து வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் பெரிய பழுது இருக்கலாம். மீட்டர் காட்டும் தூரத்தைச் சர்வீஸ் ஏடுகளோடு ஒப்பிடுங்கள்; தேய்ந்த பிரேக் மிதியும் நைந்த இருக்கையும் மீட்டரைவிட உண்மை பேசும்.

"டெல்லி வண்டி, பாதி விலை" என்று யாரேனும் ஆசை காட்டினால் நிதானியுங்கள். தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025-இல் சில தளர்வுகள் வந்தன. இந்நெருக்கடியால் அங்கிருந்து மலிவாக வெளியேறும் வண்டிகள் பல. தமிழகத்தில் மறுபதிவு, வரி, தடையின்மைச் சான்று ஆகியவற்றின் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் கார்களில், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் இருந்தது 2015-இல் வெளியானது. இந்தியாவிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. அக்காலத்து வண்டியாயின், திருத்தம் முடிந்ததா என்று கேட்டறியுங்கள்.

ஆவணங்களில், கடன் நிலுவை நீங்கியதற்கான படிவம் 35, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றைச் சரிபாருங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இதுவரை பெட்ரோல் ஓட்டிய வீட்டில் டீசல் வாங்கினால், எரிபொருள் மூடியில் "டீசல்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பழக்கத்தில் பெட்ரோலை நிரப்பிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும். அப்படி நேர்ந்தால் வண்டியைக் கிளப்பாமல் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

கொடுக்கும் காரிலும் ஓர் அமானிதம்

வாங்குவதில் இவ்வளவு எச்சரிக்கை கொள்ளும் நாம், விற்கும்போது எப்படி நடக்கிறோம்? சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வணிகரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். கியர்பெட்டியின் ஓசையை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவதும், மீட்டரைக் குறைத்து வைப்பதும் அந்த ஈரத் தானியமன்றி வேறென்ன? "இந்த வண்டியில் இன்ன குறை உண்டு, அதற்காக இவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லி விற்றுப் பாருங்கள். விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.

அதேபோல், உயர்தர வண்டிக்கு ஆசைப்பட்டு வட்டிக் கடனில் விழ வேண்டா. கைமாறிய வண்டிக்கான கடனில் வட்டி, புதிய வண்டிக்கானதைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம். டீசலில் மிச்சம் பிடித்ததை வட்டியாகக் கட்டுவதில் என்ன அறிவுடைமை? ஒரு படி சிறிய காரை ரொக்கமாக வாங்குங்கள். இரவில் நிம்மதியாக உறங்கலாம்.

நம் இரு சகோதரர்களும் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், மூத்தவர் டீசலும் இளையவர் பெட்ரோலும் வாங்கியிருப்பார்கள். இருவரும் சரியாகவே செய்திருப்பார்கள். இன்ஷா அல்லாஹ், நீங்களும் வண்டிச் சந்தைக்குச் செல்லுமுன், சென்ற ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டாரோடு அமர்ந்து ஆலோசியுங்கள். நாம் ஈட்டும் பொருளை நல்வழியில், அளவோடு செலவிடும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.