லொறி விபத்து: நட்டஈட்டுக்குச் சான்று சேர்ப்போம்

ஏ-9 வீதியில் சைக்கிளில் போகும் தொழிலாளியை லொறி மோதினால், அவரது காலோடு குடும்பத்தின் உழைப்பும் முறிந்துவிடும். "பொலிஸ் வழக்கு நடக்குது, நட்டஈடு தானாக வரும்" என்று பலர் இருந்துவிடுகின்றனர். அது தவறு. நீதவான் விதிக்கும் தண்டப்பணம் அரசுக்குரியது. நமது இழப்பை மாவட்ட நீதிமன்றில் நாமே வழக்கிட்டுக் கேட்க வேண்டும். சாரதியின் கவனயீனத்தை நிரூபிப்பதும் நமது பொறுப்பே.

காயப்பட்டவரை 1990 அம்புலன்சில் அனுப்பியபின் உறவினர் செய்யவேண்டியவை:

1. லொறி இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதிக் கம்பனி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல்.
2. மழை அழிக்குமுன் ரயர்த் தடத்தையும், நொறுங்கிய சைக்கிளையும் படமெடுத்தல்.
3. கண்டவர்களின் பெயர், முகவரியைப் பெறல்.
4. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டுப் பெறல்.
5. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படல். நோய் நிர்ணய அட்டை, பற்றுச்சீட்டுகளைப் பேணல்.
6. வருமானத்தைக் காட்டல். கூலியாளிடம் சம்பளச் சீட்டு இராது. வேலை கொடுத்தவரின் கடிதம், சங்கக் கணக்குப் புத்தகம் உதவும்.

சாரதி ஏழையென்று பின்வாங்க வேண்டாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. வழக்கிடுவதைக் கம்பனிக்கும் காலந்தாழ்த்தாது எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடாவிடில் உரிமை போய்விடும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.