மெட்டு போனால் என்ன... பாட்டு வந்ததே! - ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டாரின் கதை

நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும் கிட்டார். அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஒருவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கிறார். பார்க்கிறவர்களுக்கு 'பைத்தியமா இவருக்கு?' என்றுதான் தோன்றும். ஆனால், பேஸ் கிட்டார் வாசிக்கும் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

அந்தப் பட்டைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரெட்' என்று பெயர். நம் வீணையில் இருக்கும் 24 மெட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான். தந்தியை மெட்டின் மேல் அழுத்தினால், ஸ்வரம் தானாகச் சரியான இடத்தில் நின்றுவிடும். மெட்டு இல்லாவிட்டால்? வயலின் மாதிரி. எங்கே விரல் வைக்கிறீர்களோ, அதுதான் ஸ்வரம். ஒரு நூல் பிசகினாலும் அபஸ்வரம்!

அப்படியிருந்தும் ஏன் பிடுங்குகிறார்கள்? அதற்கு ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கிறது.

துல்லியத்துக்காக வந்த மெட்டு

1950-க்கு முன்பு இசைக்குழுக்களில் பேஸ் என்றால் 'டபுள் பேஸ்'தான். ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. அதில் மெட்டு கிடையாது. பல வருடப் பயிற்சி இருந்தால்தான் ஸ்ருதி சேரும்.

1951-ல் அமெரிக்காவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் மெட்டுகள் இருந்தன. யார் வாசித்தாலும் ஸ்வரம் துல்லியமாக வரும். அதனால் வைத்த பெயரே 'பிரிசிஷன் பேஸ்'. பிரிசிஷன் என்றால் துல்லியம்.

பத்தே வருடம்தான். 1961-ல் இங்கிலாந்தில் பில் வைமன் என்ற இளைஞர் விலை மலிவான பேஸ் ஒன்றை வாங்கினார். மெட்டுகள் சரியில்லை. புதிதாக மாற்றலாம் என்று பழையதைக் கழற்றினார். சும்மா வாசித்துப் பார்த்தால், ஒலி அவ்வளவு பிடித்துவிட்டது! அப்படியே விட்டுவிட்டார். பிறகு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

1966-ல் ஆம்பெக் நிறுவனம் மெட்டு இல்லாத பேஸை விற்பனைக்கே கொண்டுவந்தது. துல்லியத்தைப் பெயரிலேயே வைத்திருந்த ஃபெண்டர் நிறுவனமும் 1970-ல் மெட்டில்லாத 'பிரிசிஷன் பேஸ்' செய்தது.

படகுக்குப் பூசும் பூச்சு

ஆனால், இந்த வாத்தியத்தை உலகமே திரும்பிப் பார்க்கவைத்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். 1951-ல் பிறந்து, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். முதலில் டிரம்ஸ்தான் வாசித்தார். சிறுவயதில் மணிக்கட்டில் அடிபட்டதால் பேஸுக்கு மாறினார்.

அவர் கையில் இருந்தது 1962-ம் ஆண்டு மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதிலும் மெட்டுகள் இல்லை. கத்தியால் தானே நெம்பி எடுத்ததாக ஒருமுறையும், வாங்கும்போதே எடுக்கப்பட்டிருந்ததாக இன்னொருமுறையும் அவரே சொல்லியிருக்கிறார். மெட்டுகள் இருந்த பள்ளங்களை மரப்பசை வைத்து அடைத்தார். அவர் பயன்படுத்திய சுற்றுக்கம்பித் தந்திகள் அரம் மாதிரி மரத்தை ராவிவிடும். அதனால் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை வாங்கி, கழுத்தின் மேல் பூசினார். மரம் கண்ணாடிபோல இறுகியது. ஒலி பளிச்சென்று வந்தது; அதே நேரம், மனிதர் பாடுவதுபோலக் குழைந்தது.

1976-ல் அவரது முதல் ஆல்பம் வந்தது. அதே வருடம் ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' ஆல்பத்திலும் அவரது பேஸ் ஒலித்தது. 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்து, 1977-ல் 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் கலக்கினார். பின்னால் நின்று தாளத்துக்குத் துணைபோகும் வாத்தியம், முன்னால் வந்து பாட ஆரம்பித்தது. அதைக் கேட்ட எத்தனையோ பேர் தங்கள் கிட்டாரின் மெட்டுகளைப் பிடுங்கினார்கள்!

விரலுக்கு என்ன ஆகிறது?

மெட்டுள்ள பேஸில் தந்தி உலோகத்தில் போய் முட்டி நிற்கிறது. ஒலி 'டங்' என்று தெளிவாக எழும். மெட்டில்லாத பேஸில் தந்தியை நிறுத்துவது விரலின் சதையும் மரமும். அதிரும் தந்தி மரத்தை லேசாக உரசிக்கொண்டே போகும். அதனால் ஒலி முதலில் சன்னமாக எழுந்து, 'ம்ம்வா...' என்று மலரும். வாசிப்பவர்கள் இந்த ஒலியையே 'ம்வா' என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள்.

அடுத்த ஆனந்தம், வழுக்கல். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிக்கட்டில் இறங்காமல், சறுக்குமரத்தில் போவது மாதிரி போகலாம். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. மெட்டே இல்லாத நம் சித்திரவீணையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சுகம் புரியும்.

ஆனால், முதல் வாரம் அழுகையே வரும். மெட்டுள்ள கிட்டாரில் விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியிருப்போம். இதில் மெட்டு இருந்திருக்கவேண்டிய கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் பின்னால் வைத்தால், எல்லா ஸ்வரமும் சற்று இறங்கியே ஒலிக்கும். பல வருடம் வாசித்தவரும் எல்.கே.ஜி-யில் மறுபடி சேர்ந்த மாதிரி உணர்வார்.

வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். கழுத்தின் தொடக்கத்தில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த அரை ஸ்வரத்துக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். மேலே போகப் போக அது சுருங்கி, தந்தியின் நடுப்பகுதியில் பாதியாகிவிடும். அங்கே சில மில்லிமீட்டர் தவறினாலே காது கண்டுபிடித்துவிடும்.

மாற நினைக்கிறீர்களா?

* இருக்கும் ஒரே கிட்டாரில் கைவைக்க வேண்டாம். மெட்டு எடுப்பதும் பள்ளத்தை அடைப்பதும் பழகிய கைகள் செய்யவேண்டிய வேலை.

* மெட்டு இருந்த இடங்களில் கோடு போட்ட மாடல்கள் கிடைக்கின்றன. ஆரம்பத்துக்கு அதுவே நல்லது. இதில் வெட்கமே வேண்டாம்.

* மொபைலில் தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக நிதானமாக வாசியுங்கள். கண்ணைவிடக் காது நல்ல வாத்தியார்.

* வழவழப்பான 'ஃப்ளாட்வுண்ட்' தந்திகள் மரத்தை அதிகம் தேய்க்காது.

காணாமல்போன பேஸ்

ஜாக்கோவின் கதை சந்தோஷமாக முடியவில்லை. 1982-ல் அவருக்கு இருமுனை மனநோய் இருப்பது தெரியவந்தது. குடியும் சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் அரங்குகளை நிறைத்தவர், நியூயார்க் தெருக்களில் தங்கினார். 1986-ல் அங்கே பூங்காவில் அவரது பேஸ் திருடுபோனது. மறு வருடம், ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் நடந்த தகராறில் கடுமையாகத் தாக்கப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

சுமார் 20 வருடங்கள் கழித்து, நியூயார்க்கில் ஒரு கடையில் அந்த பேஸ் தலைகாட்டியது. உரிமை யாருக்கு என்ற சிக்கல் எழுந்தபோது, 'மெட்டாலிகா' குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹியோ பணம் கொடுத்து அதை மீட்டார். 2024-ல் ஜாக்கோவின் குடும்பத்துக்கே அது போய்ச் சேர்ந்தது.

மெட்டு என்பது ஒரு கைப்பிடி. தவறாமல் பார்த்துக்கொள்ளும். அதை விட்டவர் தவறுவார். தினமும் தவறுவார். ஆனால், ஒருநாள் சரியான இடத்தில் விரல் போய் நின்று, அந்த 'ம்வா' கேட்கும். அந்த ஸ்வரத்தை இன்று எந்தப் பட்டையும் தரவில்லை, நம் காதும் கையும் சேர்ந்து கண்டுபிடித்தன என்று தெரியும்போது வரும் சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை பாடும்!