யாழ்ப்பாணப் பட்டினத்தில் மாடிகள் எத்தனை?

பண்ணைப் பாலத்தில் நின்று யாழ்ப்பாணப் பட்டினத்தை நோக்குவோரின் கண்ணை இன்று முதலில் ஈர்ப்பது, பொது நூலகத்தின் அருகே ஓங்கி நிற்கும் பதினொரு மாடிக் கோபுரமாகும். இந்திய நன்கொடையால் எழுந்த கலாசார மண்டபத்தின் ஒரு பகுதி அது. 2015ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மண்டபம், 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பெற்றது; 2025 முதல் திருவள்ளுவரின் பெயரையும் தாங்குகின்றது.

நம் பாட்டன்மார் காலத்திலே பட்டினத்தில் தலை நிமிர்ந்து நின்றவை வேறு. கோயிற் கோபுரமும், தேவாலயத்தின் உச்சியும், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பெற்ற மணிக்கூட்டுக் கோபுரமுமே அவை. ஏனைய இடமெல்லாம் பனைமரத்துக்கே உரியதாயிருந்தது. இன்றோ வைத்தியசாலை வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் கடைகள் மாடிமேல் மாடியாக உயர்கின்றன. ஆகவே, பட்டின நடுவிற் கட்டடங்கள் எவ்வளவு உயரலாம் என்னும் கேள்வி நம் முன் நிற்கின்றது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி யாழ்ப்பாண மாநகரில் வாழ்ந்தோர் 1,18,224 பேர்; 2012இல் 88,138 பேரே. போரும் இடப்பெயர்வும் மக்கள் தொகையைக் குறைத்துவிட்டன. ஆயினும் கட்டடங்கள் உயர்வதேன்? குடாநாடு முழுவதும் வாணிகத்துக்கும் வைத்தியத்துக்கும் கல்விக்கும் இச்சிறு பட்டினத்தையே நாடி வருகின்றது. காணியோ ஒன்றிரண்டு பரப்பாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றது. பக்கத்தே பரவ இடமில்லாதவன் மேலே ஏறுகின்றான்.

கட்டட உயரத்தைச் சட்டத்தால் வரையறுப்பது புதிய வழக்கமன்று. இலங்கையில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் முதலாகக் கட்டுவோருக்கு விதிகள் உள்ளன. 1978இல் நிறுவப்பெற்ற நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட விதிகள் 2021இல் புதுப்பிக்கப்பெற்றன. இத்தகைய விதிகளின் அடிப்படையை மாணவர்கள் எளிதில் உணரலாம். இலண்டன் நகரின் 1894ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டின் பின்புறத்துக்கு 63½ பாகைக் கோணம் ஒன்றை விதித்தது. கணக்கிட்டுப் பார்த்தால், வெற்றிடம் பத்தடியாயின் கட்டடம் ஏறத்தாழ இருபதடி உயரலாம் என்பதே அதன் பொருள். அயலவனுக்கும் வெயிலும் காற்றும் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம்.

நமக்கு வெயிலுக்குக் குறைவில்லை. நம்மூர்க் கவலை வேறு. வேலியும் மதிலும் சூழ்ந்த வளவுக்குள், கிணற்றடியிலே குளித்தும் துவைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. அடுத்த காணியில் நான்காம் மாடிச் சாளரம் திறக்குமாயின், அவ்வேலியாற் பயனென்ன?

அதனினும் பெரியது தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் அறிஞர் இருவர் கண்ட விதிப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கிற் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறும். மாடி ஒவ்வொன்றும் அந்நீரையே மேலும் உறிஞ்சுகின்றது; கழிவை மலக்குழி வழியே அந்நிலத்துக்குள்ளேயே விடுகின்றது. 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றமை பெரும் ஆறுதலே. ஆயினும் குழாயில் வந்த நீர் கழிவாகும்போது எங்கே செல்லும் என்பதையும் எண்ணவேண்டாமா?

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். உயரத்தை முற்றாகத் தடுத்தாற் பட்டினம் நின்றுவிடாது. கோண்டாவில், கோப்பாய் எனப் பக்கத்தே படரும். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள் காணித் துண்டுகளாகும். ஆதலால், “மாடியே வேண்டாம்” என்பாரும், “தடையே வேண்டாம்” என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர்.

பிறர் கண்ட வழி யாது? வாஷிங்டன் நகரில் 1910ஆம் ஆண்டுச் சட்டம் உயரத்தை வீதியின் அகலத்தோடு பிணைத்தது. இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் காட்சி மறையாதிருக்க 1930களிலேயே எல்லை வகுத்தனர். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குள் 9 மீற்றருக்கு மேற் கட்டலாகாதென அரசு ஆணையிட்டது. நகரம் முழுவதற்கும் ஒரே அளவு என்பதன்றி, இடத்துக்கேற்ற அளவு என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.

நமக்கும் அதுவே தகும். நல்லூர்க் கோயிற் சுற்றாடலிலும், கோட்டையின் அருகிலும், 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த நூலகத்தின் அயலிலும் இனி எழுவன தாழ்ந்தே நிற்கட்டும். அகன்ற வீதிகளில், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியும், மழைநீர்த் தொட்டியும், தீயணைப்பு வண்டி நுழையும் வழியும், வாகனம் நிறுத்தும் இடமும் உள்ள கட்டடங்கள் ஓரளவு உயரட்டும். புல்லுக்குளமும் ஆரியகுளமும் மழைநீரை ஏற்குமாறு தூர்வாரப்பெற்றே இருக்கட்டும்.

வீடு கட்டுவோர் முதலிற் கிணறு வெட்டி, நீர் நல்லதா என்று பார்த்த பின்னரே அத்திவாரம் போட்ட ஊர் இது. அவ்வொழுங்கைப் பட்டினத்துக்கும் கைக்கொள்வோமாக. எத்தனை மாடி என்று கேட்குமுன், கிணறு எத்தனை குடத்தைத் தாங்கும் என்று கேட்போம். விடை தானே கிடைக்கும்.