இசைத்தட்டுச் சுழற்றி அடிப்பீடம்

இசைத்தட்டுச் சுழற்றி அடிப்பீடம் என்பது, இசைத்தட்டைச் சுழற்றும் வட்டு, மின்னோடி, ஊசியைத் தாங்கும் கை ஆகியவை பொருத்தப்படும் அடிப்பகுதி ஆகும். இங்கிலாந்தில் 1950களில் வெளிவந்த கரார்டு 301 போன்ற சுழற்றிகள் அடிப்பீடமும் ஊசிக்கையும் இன்றியே விற்கப்பட்டன. எனவே அடிப்பீடத்தை வாங்குவோரே செய்துகொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

அடிப்பீடத்தின் பணி

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் உள்ள நுண்ணிய அலைவுகளை ஊசி மின்குறிப்பாக மாற்ற உதவுகிறது. இசைத்தட்டுக்கும் ஊசிக்கைக்கும் இடையே ஏற்படும் வேறு எந்த அசைவும் ஒலியாகவே கேட்கும். மேலும், பதிவின்போது குறைக்கப்பட்ட தாழ்ந்த ஒலிகளை மிகைப்பி மீண்டும் உயர்த்துகிறது. இந்த உயர்வு 1 கிலோஏர்ட்சுடன் ஒப்பிட 20 ஏர்ட்சில் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் சுமார் 10 மடங்கு ஆகும். மின்னோடியின் உறுமல், காலடி அதிர்வு ஆகியனவும் இதனால் பெருகுகின்றன.

தேவையான இயல்புகள்

* நிறை: நிறை மிகுந்த பீடத்தை அதே விசை குறைவாகவே அசைக்கும்.
* விறைப்பு: வட்டின் அச்சும் ஊசிக்கையும் ஒன்றுக்கொன்று விலகாமல் இருக்க இது தேவை.
* ஒடுக்கம்: அதிர்வை வெப்பமாக மாற்றி விரைவில் அடங்கச் செய்யும் தன்மை.

இம்மூன்றிலும் ஒருங்கே சிறந்து விளங்கும் தனிப்பொருள் இல்லை.

பொருட்கள்

* ஒட்டுப்பலகை: அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் எளிதில் வளைவதில்லை. வீட்டுக் கருவிகளால் அறுக்கலாம்.
* இழைப்பலகை (எம்.டி.எஃப்): சீரானது, மலிவானது. ஈரம் பட்டால் உப்பும்.
* திண்மரம்: அழகானது. காற்றின் ஈரப்பதம் மாறும்போது இழைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும்.
* கருங்கல், பலகைக்கல்: நிறையும் விறைப்பும் மிகுந்தவை. கருங்கல்லின் ஒடுக்கம் குறைவாதலால் தட்டினால் ஒலிக்கும்.

50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிப்பும் உள்ள பீடம், ஒட்டுப்பலகையில் சுமார் 7 கிலோகிராமும் கல்லில் சுமார் 27 கிலோகிராமும் இருக்கும். எனவே கல்லைத் தேர்வதற்கு முன் அதை வைக்கும் மேசையின் வலிமையை அறிதல் வேண்டும். இரு பலகைகளுக்கு நடுவே நெகிழ்வான ஒடுக்கப் படலம் ஒன்றை இட்டு ஒட்டினால், வளையும்போது படலம் சறுக்குப்பெயர்ச்சி அடைந்து அதிர்வாற்றலை உறிஞ்சும். விலையுயர்ந்த பொருளை நாடாமல் ஒடுக்கத்தைக் கூட்ட இது ஏற்ற முறையாகும்.

சுழற்றிக்கு ஏற்ற தேர்வு

கரார்டு 301-இல் மின்னோடியின் சுழற்சி இரப்பர்ச் சக்கரம் வழியாக வட்டின் விளிம்புக்குச் செல்கிறது. மின்னோடியின் அதிர்வும் அவ்வழியே எளிதில் பரவுவதால், இவ்வகைக்கு நிறை மிகுந்த, ஒடுக்கமுள்ள பீடம் பொருந்தும். மாறாக, எட்கர் வில்ச்சர் வடிவமைத்து 1961-இல் வெளியான ஏ.ஆர். சுழற்றியில் வட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் அமைந்து வில்சுருள்களில் தொங்குகின்றன. இதில் அதிர்வைத் தடுப்பவை பெரும்பாலும் வில்சுருள்களே. ஆதலால் வெளிப்பெட்டி கனமாக இருத்தல் அத்துணை முதன்மையானதன்று.

பாதுகாப்பு

கல்லை உலர்நிலையில் அறுத்தால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைப் பாதிக்கும். நீர் விட்டு அறுத்தலும், தூசைத் தடுக்கும் சுவாசக்கவசம் அணிதலும் இன்றியமையாதவை. இழைப்பலகையின் நுண்தூசையும் சுவாசித்தல் கூடாது.